மயஸ்தீனியாவுக்குப் புது ஊசிகள்: எனக்கு எது பொருந்தும்?

மாலைக்கதிர் | முதல் பதிவு

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மயஸ்தீனியா கிராவிஸ், அதாவது நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராமல் பலம் குறையும் நோய், வந்து ஐந்து வருடம் ஆகிறது. காலையில் நன்றாகவே இருப்பேன். சாயங்காலம் மகளுக்குக் கதை படிக்க உட்கார்ந்தால் முதல் பக்கம் தெளிவாக வரும். இரண்டாம் பக்கத்தில் குரல் மூக்கில் ஏறும். மூன்றாம் பக்கத்தில் அவளே புத்தகத்தை வாங்கி மூடிவிடுவாள். கழுத்து நிற்காது, இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டுதான் பேசுவேன். அவசரமாகத் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வந்துவிடும். கண் இமை மட்டும் மற்றவர்கள் சொல்கிற அளவுக்கு எனக்கு இறங்குவதில்லை.

இப்போது எடுப்பது பிரெட்னிசோலோன் 20 மில்லிகிராம், அசதயோபிரின், நாளைக்கு நாலு வேளை பிரிடோஸ்டிக்மின். இந்தக் கடைசி மாத்திரை எனக்கு ஒத்துவரவே இல்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் இமை துடிக்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், வயிறு கலக்கும். பலம் மட்டும் வராது.

சிலுகோப்ளான் என்று ஓர் ஊசி 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இன்சுலின் மாதிரி நாமே தினமும் போட்டுக்கொள்ளலாம் என்று படித்தேன். அடுத்த முறை மருத்துவரிடம் அதைத்தான் கேட்கப் போகிறேன். போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கார்-டி செல் சிகிச்சை என்கிறார்களே, அது நம் நோய்க்கும் வருமா? ஸ்டீராய்டால் முகம் வீங்கி, சர்க்கரையும் ஏறிவிட்டது. இதே மருந்தில் இன்னும் ஐந்து வருடம் ஓட்ட எனக்குத் தெம்பில்லை.

செண்பகம்

வாங்க தம்பி. சிலுகோப்ளான் எனக்குத் தெரியாது, நான் எப்கார்டிகிமாட் எடுக்கிறேன். 2021 டிசம்பரில் அனுமதி கிடைத்த மருந்து. வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். நாலு வாரம் ஒரு சுற்று. அடுத்த சுற்று எப்போது என்பதை அறிகுறியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

முதல் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. இரண்டாம் வாரம் ஒரு நாள் சாப்பிட்டு முடித்து எழுந்தபோதுதான் கவனித்தேன், நடுவில் தாடைக்கு ஓய்வு கொடுக்காமல் முழுத் தட்டையும் மென்று முடித்திருந்தேன். நாலு வருடத்தில் முதல் தடவை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் ஒன்று. எனக்கு ஏழாவது எட்டாவது வாரம் பலம் மெல்ல இறங்கத் தொடங்கும். மறுபடியும் படிக்கட்டில் கைப்பிடியைத் தேட ஆரம்பிக்கும்போது அடுத்த சுற்றுக்குச் சொல்லிவிடுவேன். நோய் போய்விடவில்லை, அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். 167 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், என்னைப் போல ஏசிஹெச்ஆர் பாசிட்டிவ் ஆனவர்களில் 68 விழுக்காட்டினருக்குச் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் தெரிந்தது. வெறும் திரவம் ஏற்றிக்கொண்டவர்களில் அது 30. எல்லோருக்கும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

இரவுப்பணி

நரம்பியல் வார்டில் 14 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். மாலைக்கதிர், ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் ரத்தத்தில் எந்த எதிர்ப்பொருள் இருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது? இது தெரியாமல் புது மருந்துகளில் எதையும் உங்களுக்கு ஆகும், ஆகாது என்று சொல்ல முடியாது.

ஏன் என்று விளக்கிவிடுகிறேன். மயஸ்தீனியாக்காரர்களில் சுமார் 80 முதல் 85 விழுக்காட்டினருக்கு, தசையில் உள்ள அசெட்டைல்கோலின் ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். அதைத்தான் செண்பகம் அக்கா ஏசிஹெச்ஆர் என்றார். அந்த எதிர்ப்பொருள் மூன்று விதமாகக் கெடுதல் செய்கிறது. ஏற்பியை அடைத்துக்கொள்ளும். ஏற்பிகளை இரண்டிரண்டாகப் பிணைத்துத் தசைக்குள் இழுத்து அழிய வைக்கும். அப்புறம் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்களை உசுப்பிவிடும். அந்தப் புரதங்கள் சங்கிலியாக ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் தசையின் மேல்சவ்வில் ஓட்டை போடும். சிலுகோப்ளான், எகுலிசுமாப், ராவுலிசுமாப் மூன்றும் இந்தச் சங்கிலியில் சி5 என்ற கண்ணியைப் பிடித்து நிறுத்துகின்றன. ஓட்டை விழுவதைத் தடுக்கின்றன. ஓட்டையே விழாத நோயாளிக்கு அவற்றால் என்ன பயன்? அதனால்தான் அவற்றை ஏசிஹெச்ஆர் பாசிட்டிவ் என்று உறுதியானவர்களுக்கு மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். போடுவதற்கு முன் மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசியும் கட்டாயம், ஏனென்றால் அந்தக் கிருமியை அடக்கி வைத்திருப்பதே இந்தச் சங்கிலிதான்.

செண்பகம் அக்காவின் மருந்து வேறு வழியில் போகிறது. ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் ரத்தத்தில் சுமார் மூன்று வாரம் தாக்குப்பிடிக்கும். ரத்தத்தின் பல புரதங்கள் சில நாளில் சிதைந்து போகும்போது இது எப்படி நிற்கிறது? செல்களுக்குள் எப்சிஆர்என் என்று ஒரு புரதம் இருக்கிறது. அழிக்கக் கொண்டுபோகிற மூட்டைக்குள் கைவிட்டு, ஐஜிஜியைப் பொறுக்கி எடுத்துத் திரும்ப ரத்தத்தில் விட்டுவிடும். எப்கார்டிகிமாட் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. மொத்த ஐஜிஜியும் பாதிக்கும் கீழே இறங்குகிறது, கெட்ட எதிர்ப்பொருளும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. மருந்து நின்றதும் உடம்பு மறுபடியும் தயாரித்துக்கொள்ளும். அக்காவுக்கு ஏழாம் வாரம் பலம் இறங்குவதன் காரணம் இதுதான்.

மாலைக்கதிர்

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, நன்றி அக்கா. பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். முதல் வருடத்தில் எடுத்த ஒரே ஒரு பரிசோதனைதான் இருக்கிறது. "அசெட்டைல்கோலின் ஏற்பி எதிர்ப்பொருள்: இல்லை." கீழே பேனாவால் "செரோநெகட்டிவ்" என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பொருளே இல்லாத வகை என்று அன்றைக்குச் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் இருக்கும், எதிர்ப்புசக்தியோடு தொடர்புள்ள தைமஸ் சுரப்பியை எடுக்கலாம் என்றும் போன வருடம் பேச்சு வந்தது.

இரவுப்பணி

ஏசிஹெச்ஆர் இல்லை என்றால் எதிர்ப்பொருளே இல்லை என்று ஆகாது. 2001-ல் மஸ்க் என்ற இன்னொரு இலக்கைக் கண்டுபிடித்தார்கள். ஏற்பிகளை நரம்பு முனைக்கு எதிரே கொத்தாகச் சேர்த்து வைத்திருப்பதே அந்தப் புரதத்தின் வேலை. அதைத் தாக்கும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஐஜிஜி-4 வகை. இந்த வகை காம்ப்ளிமென்டை உசுப்பாது, சவ்வில் ஓட்டை போடாது. கொத்தைக் கலைத்துவிடும்.

உங்கள் முதல் பதிவை இரண்டு தடவை படித்தேன். கழுத்து தொங்குகிறது, விழுங்குவதும் பேச்சும் கெடுகின்றன, கண் அதிகம் பாதிக்கவில்லை, பிரிடோஸ்டிக்மின் உதவாமல் துடிப்பும் பிடிப்பும் தருகிறது. நான்கும் மஸ்க் நோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கிறவை. இங்கே உட்கார்ந்து நோயைக் கண்டுபிடிக்க எனக்குத் தகுதியில்லை, அதைச் செய்யவும் கூடாது. ஆனால் "மஸ்க் எதிர்ப்பொருள் பார்த்தாயிற்றா?" என்ற கேள்வியை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அதுவும் இல்லை என்றால் செல் அடிப்படையிலான நுட்பமான பரிசோதனை இருக்கிறது, எல்ஆர்பி4 என்று இன்னொன்றும் உண்டு.

தைமஸ் அறுவை பற்றி: 2016-ல் வெளிவந்த பெரிய ஆய்வு, கட்டி இல்லாதவர்களுக்கும் அது பலன் தரும் என்று காட்டியது உண்மைதான். ஆனால் அதில் ஏசிஹெச்ஆர் பாசிட்டிவ் ஆனவர்களை மட்டுமே சேர்த்தார்கள். நெஞ்சைத் திறப்பதற்கு முன் உங்கள் எதிர்ப்பொருள் எது என்று தெரிந்தாக வேண்டும். விழுங்க முடியாமல் போனாலோ, படுத்தால் மூச்சு திணறினாலோ மட்டும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

விழித்திரை

வேறு நோய்க்காரன், ஆனால் இரவுப்பணி சொல்வதை என் வீட்டு அனுபவத்தோடு ஆமோதிக்க வந்தேன். என் மனைவிக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கியது. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் (எம்.எஸ்., மூளை, முதுகுத்தண்டு நரம்புகளின் மேலுறை கெடும் நோய்) என்று சொல்லி இன்டர்பெரான் ஊசி தொடங்கினார்கள். எட்டாம் மாதம் இரண்டாவது கண்ணும் போனது, இடுப்புக்குக் கீழே உணர்வு மரத்தது. வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே முதுகுத்தண்டு ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், தழும்பு இத்தனை நீளமாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் பார்க்கச் சொன்னார். பாசிட்டிவ். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, கண் நரம்பையும் முதுகுத்தண்டையும் தாக்கும் நோய்.

அந்த எதிர்ப்பொருளை 2004-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு முன் இரண்டு நோயும் ஒன்று என்றே பலர் நினைத்திருந்தார்கள். எம்.எஸ். நோய்க்கு உதவும் இன்டர்பெரான், பிங்கோலிமாட், நாடாலிசுமாப் போன்றவை இந்த நோயை இன்னும் மோசமாக்கக்கூடும். முதல் மாதமே அந்த ஒரு குழாய் ரத்தம் எடுத்திருந்தால் இரண்டாவது கண் தப்பியிருக்கலாம். இதை நினைக்காமல் ஒரு நாள் கூட எனக்குப் போவதில்லை.

இலக்கு தெரிந்ததும் மருந்து எவ்வளவு வேகமாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஜூனில் எகுலிசுமாப், 2020 ஜூனில் இனெபிலிசுமாப், அதே வருடம் ஆகஸ்டில் சாட்ராலிசுமாப். மனைவிக்கு இனெபிலிசுமாப், ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மூன்று வருடமாகத் தாக்குதல் இல்லை. போன பார்வை முழுதாகத் திரும்பவில்லை. வலது கண்ணில் கைவிரல் எண்ணும் அளவுக்குத் தெரிகிறது.

செண்பகம்

படிக்கவே நெஞ்சு அடைக்கிறது விழித்திரை. அவர்களைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இரவுப்பணிக்கு ஒரு சின்ன மறுப்பு. பரிசோதனை முக்கியம்தான். ஆனால் எல்லாம் பார்த்தும் ஒன்றும் சிக்காதவர்கள் இருக்கிறார்களே? என் தோழி அப்படித்தான். எந்தப் புது மருந்தைக் கேட்டாலும் "உங்களுக்கு எதிர்ப்பொருள் இல்லை, அனுமதி இல்லை" என்கிறார்கள். ஜப்பானில் எப்கார்டிகிமாட்டை எதிர்ப்பொருள் பாகுபாடு இல்லாமல் அனுமதித்திருக்கிறார்கள். ரத்தத்தில் நம் கருவிக்குத் தெரியவில்லை என்பதற்காக ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இரவுப்பணி

அக்கா சொல்வது சரி. நான் எழுதியதில் அந்த இடம் விடுபட்டுவிட்டது. தேடிப் பார்த்தும் கிடைக்காதவர்களைக் கைவிடக்கூடாது. தேடாமலே "இல்லை" என்று எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஆய்வுக்கூடம்

கார்-டி பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நோய் எதிர்ப்பியல் ஆய்வில் இருப்பவன் என்பதால் நான் முயல்கிறேன்.

ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கியோர்க் ஷெட் குழுவினர் 2021-ல் கடுமையான லூபஸ் (எதிர்ப்புசக்தி சொந்த உறுப்புகளையே தாக்கும் நோய்) உள்ள 20 வயதுப் பெண்ணுக்கு இதைச் செய்ததாக அறிவித்தார்கள். நோயாளியின் டி செல்கள் என்ற வெள்ளணுக்களை எடுத்து, எதிர்ப்பொருள் தயாரிப்புக்குக் காரணமான பி செல்லின் மேலுள்ள சிடி19 என்ற அடையாளத்தைப் பிடிக்கும் கொக்கியை மரபணு வழியாகப் பொருத்தித் திருப்பி உடம்பில் விடுவார்கள். அவை பி செல்களைத் தேடித் தேடி அழிக்கும். 2024-ல் அதே குழு 15 பேரின் முடிவை வெளியிட்டது: லூபஸ் 8, தசை அழற்சி 3, தோல் இறுகும் ஸ்கிளெரோசிஸ் 4. பதினைந்து பேரும் எதிர்ப்புசக்தி அடக்கும் மருந்துகளை நிறுத்திவிட்டார்கள். சராசரியாக 112 நாளில் பி செல்கள் மறுபடி வந்தன. ஆனால் வந்தவை அனுபவமில்லாத இளம் செல்கள், பழைய பகையை மறந்தவை. முதல் தடவை அந்த வரைபடத்தைப் பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

இப்போது மறுபக்கம். பதினைந்து பேர் மிகக் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. செல்களைத் திருப்பி விடுவதற்கு முன் கீமோ கொடுத்து இடம் ஒழிக்க வேண்டும். அதனால் கருவுறும் திறன் பாதிக்கலாம், தொற்று வரலாம். புற்றுநோய்க்காக இதே முறையில் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு டி செல் புற்றுநோய் வந்ததால் 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. ஆபத்து மிக அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. புற்றுநோயில் ஒருவர் ஏற்றுக்கொள்ளும் ஆபத்தை, மாத்திரையில் ஓரளவு ஓடுகிற மயஸ்தீனியாவில் ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்பது நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

மயஸ்தீனியாவுக்கு எம்ஆர்என்ஏ வழியாகக் கொக்கி பொருத்தும் முறையைச் சோதிக்கிறார்கள். அதற்குக் கீமோ தேவையில்லை, கொக்கியும் சில நாளில் தானே மறைந்துவிடும். இன்னொன்று, மஸ்க் நோயாளிகளுக்கானது. மஸ்க் புரதத்தின் துண்டையே தூண்டிலில் இரையாக மாட்டி, அதைக் கடிக்க வருகிற பி செல்லை மட்டும் பிடிப்பது. மற்ற பி செல்கள் பிழைத்துக்கொள்ளும். 2023-ல் எலிகளில் அது வேலை செய்ததைக் காட்டினார்கள், மனிதர்களில் முதல் கட்டச் சோதனையும் தொடங்கியது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யோசனை இதுதான். அடுத்த வருடமே கைக்கு வரும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

பொத்தான்

எனக்கு சிஐடிபி, அதாவது நரம்பின் மேலுறை தேய்ந்துபோகும் நோய். தினமும் காலையில் சட்டைப் பொத்தான் ஐந்தையும் போட எத்தனை நொடி ஆகிறது என்று நோட்டில் எழுதுவேன். ஐவிஐஜியில் (தானம் செய்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது) நன்றாக இருக்கும்போது 40 நொடி. ஏற்றிய பலன் தீரும் வாரத்தில் இரண்டு நிமிடம் தாண்டும்.

எப்கார்டிகிமாட்டின் தோலடி ஊசி 2024 ஜூனில் சிஐடிபிக்கும் அனுமதி பெற்றது. ஆய்வில் நோய் திரும்பும் ஆபத்து 61 விழுக்காடு குறைந்தது. நான் மாறிப் பார்த்தேன். மூன்றாம் வாரம் 70 நொடி, ஐந்தாம் வாரம் 110. எட்டாம் வாரம் பொத்தானே பிடிபடவில்லை. திரும்ப ஐவிஐஜிக்கு வந்துவிட்டேன், இப்போது 45. அதே மருத்துவரிடம் வருகிற இன்னொருவர் அதே ஊசியில் கைத்தடியை விட்டுவிட்டார். மருந்து மோசம் என்று சொல்ல வரவில்லை, எனக்குக் கேட்கவில்லை. மாறுகிறவர்கள் இப்படி ஏதாவது ஒன்றை எண்ணில் குறித்து வையுங்கள். "பரவாயில்லை மாதிரி இருக்கிறது" என்று சொன்னால் மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எரியும்பாதம்

இந்த இழையைப் படிக்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது. எனக்கு நுண்நரம்புப் பாதிப்பு. இரவில் போர்வை பாதத்தில் பட்டால் தணலை வைத்த மாதிரி. போர்வை படாமல் இருக்கக் கட்டில் காலடியில் அட்டைப்பெட்டி வைத்துத் தூங்குகிறேன். காரணம் தெரியவில்லை என்கிறார்கள். ஐவிஐஜி கேட்டேன். காரணம் தெரியாத இந்த வகைக்கு 60 பேரில் சோதித்து 2021-ல் முடிவு சொல்லிவிட்டார்கள், போலி மருந்தைவிடப் பெரிதாக உதவவில்லை. 2025 ஜனவரியில் சுசெட்ரிஜின் வந்தபோது ஓடிப்போய்ப் படித்தேன். அதற்குக் கிடைத்த அனுமதி அறுவைக்குப் பிறகு வருவது போன்ற திடீர் வலிக்குத்தான்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நரம்பு வளரும் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். சேமிப்பைக் கரைத்து மூன்று ஊசி போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

நெறியாளர்

இதே இழையில் ஸ்டெம் செல் கிளினிக் விளம்பரம் ஒன்று வந்தது, நீக்கிவிட்டேன். குழப்பம் வேண்டாம் என்பதற்காக ஒரு வார்த்தை: எம்.எஸ். நோய்க்குச் செய்கிற ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை வேறு. அதில் கீமோவால் எதிர்ப்பு மண்டலத்தைத் துடைத்துவிட்டு நோயாளியின் சொந்தச் செல்லால் மறுபடி கட்டுகிறார்கள். 2019-ல் 110 பேரை வைத்து முறையான ஒப்பீட்டு ஆய்வே வந்திருக்கிறது. இடுப்பிலோ கையிலோ ஊசி போட்டு எல்லா நரம்பும் சரியாகும் என்று சொல்வது வேறு. ஆய்வில் சேர நோயாளி பணம் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

எரியும்பாதம், உங்களுக்கு என்று தனி இழை தொடங்குங்கள். நுண்நரம்புக்காரர்கள் இங்கே இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

மாலைக்கதிர் | ஆறு வாரம் கழித்து

முடிவு வந்துவிட்டது. மஸ்க் எதிர்ப்பொருள் பாசிட்டிவ்.

மருத்துவரிடம் கேட்டபோது முதலில் கொஞ்சம் தயங்கினார், பிறகு "ஐந்து வருடம் முன்பே பார்த்திருக்க வேண்டும்" என்று அவரே சொன்னார். அந்த ஒரு வரிக்காக அவர் மேலிருந்த கோபம் பாதி போய்விட்டது. சிலுகோப்ளான் பேச்சு முடிந்தது, தைமஸ் அறுவையும் கைவிடப்பட்டது. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் தொடங்கலாம் என்கிறார், மஸ்க் வகைக்கு அது நன்றாகக் கேட்கும், பலன் நீண்ட நாள் நிற்கும் என்று. முதலில் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை, பிறகு விடுபட்ட தடுப்பூசிகள், அப்புறம்தான் மருந்து. பிரிடோஸ்டிக்மினைக் குறைத்துவிட்டார், துடிப்பு நின்றது.

ஒரு சந்தேகம். எப்கார்டிகிமாட் மாதிரியே எப்சிஆர்என்-ஐ அடைக்கும் ரோசனோலிக்சிசுமாப், நிபோகாலிமாப் இரண்டுக்கும் மஸ்க் வகைக்கும் சேர்த்தே அனுமதி இருக்கிறதே. ரிட்டுக்சிமாப் வேலை செய்யச் சில மாதம் ஆகும் என்றால், அதுவரை இதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா?

இரவுப்பணி

முடிவைப் பார்த்ததும் இங்கே பணியில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

சேர்த்துப் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரிட்டுக்சிமாப்பும் ஒரு ஐஜிஜிதான். எப்சிஆர்என்-ஐ அடைத்தால் உங்கள் கெட்ட எதிர்ப்பொருளோடு சேர்ந்து மருந்தும் சீக்கிரம் ரத்தத்திலிருந்து கழுவிப் போய்விடும். ஐவிஐஜிக்கும் இதே கதைதான். எதை முதலில், எவ்வளவு இடைவெளி விட்டு என்பதை அந்த இரண்டு பெயரையும் எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள். உங்கள் வகைக்கு நடுவில் தாங்கிப் பிடிக்கப் பிளாஸ்மா மாற்று சிகிச்சையும் (ரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்து மாற்றுவது) நன்றாகக் கேட்கும், ஆனால் அதுவும் ரிட்டுக்சிமாப் ஏற்றுவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். பலம் வந்த உற்சாகத்தில் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

மாலைக்கதிர் | ஐந்து மாதம் கழித்து

இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை ரிட்டுக்சிமாப் ஏற்றினார்கள். முதல் இரண்டு மாதம் ஒரு மாற்றமும் இல்லை, மனம் ரொம்பவே விட்டுப்போனது. மூன்றாம் மாதத்திலிருந்து கழுத்து நிற்கிறது. பொத்தான் அண்ணா சொன்னபடி நானும் நோட்டு போட்டேன்: குரல் மாறாமல் எத்தனை பக்கம் படிக்க முடிகிறது என்று. முதல் வாரம் ஒன்றரை. போன வாரம் ஒன்பது. பிரெட்னிசோலோன் 12.5-க்கு வந்திருக்கிறது. இப்போது கதையை மூடிவிட்டுத் தூங்கு என்று நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.